நயமான கம்பளிப் பின்னலாடையை வீட்டிலே பேணும் முறை

உதகமண்டலத்துக் கடைவீதியிலிருந்தோ, குளிர்தேசம் சென்று திரும்பிய பிள்ளையின் பெட்டியிலிருந்தோ நம் வீட்டுக்கு வந்துசேரும் மெல்லிய கம்பளிச் சுவெட்டர், பல வருஷங்கள் உழைத்திருக்க வேண்டியது, ஒரே ஒரு சலவையில் குழந்தைக்கும் பற்றாத அளவுக்குச் சுருங்கித் தடித்துப் போவதைக் கண்டு வருந்தாத குடும்பம் அரிது. எங்கள் வீட்டிலும், என் தாயார் கையால் பின்னிய சுவெட்டர் ஒன்று, அதன் மேல் இருந்த பிரியத்தினாலேயே கொதிநீரில் இட்டுத் தேய்க்கப்பட்டு அந்தக் கதியை அடைந்தது. அது முதல் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சிரத்தை உண்டு. பருத்தி செடியில் விளைவது. கம்பளியோ ஒரு ஜீவனின் உரோமம். இந்த ஒரு பேதத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், செய்ய வேண்டியவை யாவும் தாமே விளங்கும்.

நம் தலைமுடியும் நகமும் ஆகியிருக்கும் கெராட்டின் என்னும் புரதமே கம்பளியின் சரீரம். மனிதனின் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் பருமன் உடையதாயிருக்க, மெரினோ இழை 24 மைக்ரானுக்கும் குறைந்தது. காஷ்மீர ஆட்டின் அடியுரோமம் 19 மைக்ரானையும் தாண்டாதது. நம் நீலகிரியிலேயே, கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனியாவின் மெரினோவும் செவியட்டும் சவுத்டவுனும் கலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான நீலகிரி ஆடு, நயமான கம்பளி தருவதற்குப் பெயர் பெற்றது. இந்த இழைகளின் மேற்புறமெங்கும் கூரை ஓடுகளை அடுக்கியதுபோல நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் உஷ்ணமும் உரசலும் ஒன்றுகூடும்போது, அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இழைகளை ஒரே திசையில் நகரச் செய்து இறுக்கிவிடுகின்றன. இறுகியதைப் பழையபடி ஆக்க உபாயம் கிடையாது.

ஆகவே முதற்காரியம், துவைக்கத்தான் வேண்டுமா என்று யோசிப்பது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாத சுபாவம் உடையதாகையால், ஒரு நாள் உடுத்தியதை மறுநாள் காற்றாட விரித்து வைத்தாலே வியர்வை வாடை பெரும்பாலும் நீங்கிவிடும். கறை பட்டிருந்தால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். அழுக்கும் நாற்றமும் நிச்சயமாகத் தெரிந்த பிறகே தண்ணீரில் இடுங்கள்.

துவைப்பதென்று தீர்மானித்தபின், சுவெட்டரைப் பழுப்புக் காகிதத்தின்மேல் பரப்பி, அதன் உருவத்தைப் பென்சிலால் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதை வீண்வேலை என்று விட்டுவிடுகிறார்கள். உலர்த்தும்போதுதான் இதன் அருமை தெரியும். பிறகு அகன்ற தொட்டியில் 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படாத தண்ணீரை நிரப்புங்கள்; முழங்கையை இட்டால் சூடாகத் தோன்றக்கூடாது. அலசும் தண்ணீரும் அதே நிலையில் இருக்கட்டும்.

சோப்பு விஷயத்தில்தான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். சாதாரணச் சலவைச் சோப்பின் காரம் கம்பளியின் புரதத்தைக் கெடுக்கும். கறை நீக்கவென்று என்சைம் சேர்த்த சலவைத்தூளோ, முட்டைக் கறையையும் ரத்தக் கறையையும் கரைக்கும் அதே சக்தியால் இழையையும் தின்னத் தொடங்கும். பிளீச்சிங் பவுடரைக் கிட்டவே கொண்டுவரலாகாது. பட்டுக்கும் கம்பளிக்கும் நம் முன்னோர் பயன்படுத்திய பூந்திக்கொட்டை இவ்விடத்தில் உத்தமமானது. எட்டுப் பத்துக் கொட்டைகளின் விதையை நீக்கி, தோலை இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டினால் காரமற்ற மென்மையான நுரை கிடைக்கும். வெண்ணிறக் கம்பளியில் அதன் சாயல் ஏறக்கூடுமாதலால், அதற்கு மட்டும் கம்பளிக்கென்றே விற்கும் திரவச் சோப்பை உபயோகியுங்கள்.

சுவெட்டரை உட்புறம் வெளியே வரத் திருப்பி, நீரில் அமிழ்த்தி, பத்து நிமிஷம் அசையாமல் ஊறவிடுங்கள். தேய்க்கவோ, கசக்கவோ, கல்லில் அடிக்கவோ வேண்டாம். உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விடுவதே போதும். நனைந்த கம்பளி பலம் குறைந்து, தன் பாரத்தாலேயே நீண்டுவிடும் தன்மையது; ஆகையால் எடுக்கும்போது தோளைப் பிடித்துத் தூக்காமல், இரு கைகளையும் அடியில் கொடுத்து, தூங்கும் குழந்தையை எடுப்பதுபோல எடுக்க வேண்டும். இரண்டு முறை அலசியபின், முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துவாலையின்மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல இரண்டையும் சேர்த்துச் சுருட்டி அழுத்தினால், துவாலை நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கொடியில் தொங்கவிடுவது பெரும் பிழை. கயிற்றுக்கட்டிலின்மேல் பழைய வேட்டியை விரித்து, நிழலில் சுவெட்டரைப் பரப்பி, முன்பு வரைந்த காகிதத்தோடு ஒப்பிட்டு, கையையும் விளிம்பையும் உரிய அளவுக்கு இழுத்துச் சீர்செய்யுங்கள். மேலும் கீழும் காற்றோடுவதற்குக் கயிற்றுக்கட்டிலைப்போல் வேறொன்று இல்லை. பெட்டி போடுவதானால் ஈரத்துணியை இடையில் இட்டு, ஆவி மட்டும் படும்படி மேலாகப் பிடித்தால் போதும்.

அக்குளிலும் பக்கங்களிலும் உருண்டு திரளும் சிறு முடிச்சுகள் மட்டமான சரக்கின் அடையாளமல்ல; குட்டை இழைகள் உரசலில் வெளிவந்து திரள்வதே அது. அவற்றைப் பிய்க்காமல், நுனியைக் கத்தரியால் நறுக்குங்கள்.

சேமித்து வைப்பதில் நம் சத்துரு அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி தின்பதில்லை. அதன் புழுவே கம்பளியை அரிப்பது, அதிலும் வியர்வையும் உணவும் படிந்த இடங்களையே அது நாடும். எனவே நீண்டநாள் மூடி வைக்குமுன் துவைத்து, முற்றிலும் உலர்த்தி, மடித்து, துணிப்பையில் இட்டுக் கட்டுங்கள். வேப்பிலையும் வசம்பும் பூச்சியை அண்டவொட்டாமல் ஓரளவு தடுக்கும். உள்ளே இருக்கும் முட்டையை அவை அழிக்கமாட்டா. நாப்தலின் உருண்டையின் வாயு சிசுக்களுக்குத் தீங்கு விளைவிக்குமாதலால் நான் அதை விரும்புவதில்லை. பூச்சி விழுந்ததாகச் சந்தேகம் எழுந்தால், ஆடையைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் உறையும் பெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் அறையின் உஷ்ணத்துக்கு வந்த பிறகே பையைத் திறவுங்கள்.

சிறு துளை தெரிந்தால், அதே நிறக் கம்பளி நூலால் அன்றைக்கே தைத்துவிடுங்கள். பின்னலில் ஒரு கண் அறுந்தால், அதன் கீழுள்ள கண்கள் ஒவ்வொன்றாய் அவிழ்ந்துகொண்டே போகும்.