பெயர் ஒத்துப்போனால் பாட்டனாகிவிடுவாரா?

அமெரிக்கக் குடியேற்றக் காலத்து முன்னோரைத் தேடுகிறவர்கள் ஓயாமல் சொல்வது இது: "எங்கள் பாட்டன் பெயர் இங்கிலாந்து ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. வயதும் பொருந்துகிறது. பூர்வீகம் கிடைத்துவிட்டது."

கிடைக்கவில்லை ஐயா. அந்தப் பெயரில் ஒரு குழந்தை பிறந்தது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜான், வில்லியம், தாமஸ் என்று ஊருக்கு ஊர் அதே பெயர்களை வைத்த காலம் அது. அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டையும் புரட்டிப் பாருங்கள். உங்கள் 'பாட்டன்' இரண்டு வயதிலேயே மண்ணுக்குள் போயிருக்கலாம். அதற்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லையே! ஒருவர் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு இணையத்தில் ஏற்றுகிறார். மற்றவர்கள் ஈயடிச்சான் காப்பி அடிக்கிறார்கள். நாலு இடத்தில் இருப்பதால் அது ஆதாரமாகியும் விடுகிறது.

பெயரை மட்டும் தேடியிருந்தால் ஜான் ஹார்வர்டே அகப்பட்டிருக்க மாட்டார். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அவர் 1638-ல் மாசசூசெட்ஸில் இறந்தார். பெற்றோர் யார் என்பது இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தெரியாமலே கிடந்தது. லண்டனில் பழைய உயில்களைப் படித்துப் படித்து 1885-ல் அதை வெளிக்கொண்டுவந்தவர் ஹென்றி வாட்டர்ஸ். தாய் கேத்தரின் மூன்று முறை மணமானவர். அவருடைய உயில் மூன்றாம் கணவரின் குடும்பப் பெயரான யியர்வுட் என்ற பெயரில் இருந்தது; மகன் ஜான் ஹார்வர்ட் அதற்குள்ளே இருந்தார். லண்டன் சதர்க் தேவாலயப் பதிவேட்டில், 1607 நவம்பர் 29 அன்று, கசாப்புக்காரர் ராபர்ட்டின் மகன் ஜானுக்கு ஞானஸ்நானம். குடும்பப் பெயர்? 'ஹார்வி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

முன்னோரைப் பற்றி உலவும் மற்றக் கதைகளை உடைக்க இவ்வளவு மெனக்கெட வேண்டாம். குலச்சின்னம் குடும்பப் பெயருக்கு உரியதல்ல; அதைப் பெற்ற ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. கடையில் விற்பது வெறும் படம். வர்ஜீனியா என்றாலே பிரபு வம்சமாம்! கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டு உழைப்பதாக எழுதிக் கொடுத்து வந்த ஏழை இளைஞர்களே அங்கே அதிகம். 1718-க்குப் பின் சுமார் 50,000 கைதிகளையும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். 1630 ஜூனில் கல்யாணம், 1630 பிப்ரவரியில் பிள்ளை என்று பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-ல். அந்தப் பிப்ரவரி ஜூனுக்குப் பிறகுதான் வந்தது.

உயிலைப் படியுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தில் 1384 முதல் 1858 வரை பதிவான உயில்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 'நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பிக்கு' என்று ஒரு வரி அகப்பட்டால் நூறு ஞானஸ்நானப் பதிவுக்குச் சமம். பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடாமல் முழு உயிலையும் படிக்க வேண்டும். அந்தக் காலக் கையெழுத்து புரியவில்லை என்ற சாக்கும் எடுபடாது. அதைப் படிக்கும் பயிற்சியை அந்தக் காப்பகமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 'ஸி' நம் கண்ணுக்கு 'ஆர்' போலத் தெரியும், 'எச்' கோட்டுக்குக் கீழே வால் நீட்டும். முதலில் அந்த இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள்.