மலேரியாக் கிருமியின் அறுபது சட்டைகள்

மலேரியா என்றதும் சர் ரொனால்டு ராஸ் என்று விடை எழுதப் பழகியவர்கள் நாம். 1897-ல் ஊட்டிக்கு அருகே சீகூர் மலைப் பகுதியில் கொசு தேடிச் சென்ற அவரையும் அந்தக் காய்ச்சல் விட்டுவைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 20-ல் செகந்திராபாத்தில் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டுபிடித்தார். கொசுவின் குற்றம் தெரிந்துவிட்டது. ஆனால் தட்டம்மை ஒரு தடவையோடு விடுகிறதே, முறைக்காய்ச்சல் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பால்சிபாரம் என்னும் கொடிய வகையைப் பார்ப்போம். இது நம் சிவப்பணுவுக்குள் புகுந்துகொண்டு, ஒரு புரதத்தை அணுவின் மேற்பரப்புக்கு அனுப்புகிறது. அப்புரதம் பசைபோல் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் மண்ணீரலுக்குப் போய் அழிய வேண்டியதுதான்! மூளையின் குழாய்களில் ஒட்டினாலோ நம் உயிருக்கே ஆபத்து. இந்தப் புரதத்தைக் கிருமியின் சட்டை எனலாம். நம் உடல் சட்டையை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அதற்குள் சில கிருமிகள் வேறு சட்டைக்கு மாறிவிடுகின்றன. காய்ச்சல் தொடர இது ஒரு முக்கிய காரணம்.

சட்டைகளுக்கான 'வார்' ஜீன்கள் சுமார் 60. ஒரு சமயத்தில் ஒன்றுதான் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. மற்றவை என்ன ஆயின? தையல் வகுப்பில் நாங்கள் வைத்திருக்கும் நூல்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. இழையும் புரதமும் சேர்ந்ததே குரோமாட்டின். இறுகச் சுற்றிய இடத்தில் படியெடுக்கும் நொதி நுழைய இயலாது. ஹிஸ்டோனில் ஒட்டும் சிறு இரசாயனக் குறிகளுள் சில சுற்றை இறுக்கும், சில தளர்த்தும். கிருமி பெருகும்போது இக்குறிகளும் அதன் சந்ததிக்குப் போகின்றன. எப்போதாவது ஒரு ஜீன் இறுகி இன்னொன்று தளரும். அவ்வளவுதான், சட்டை மாறிவிட்டது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துகூட மாறவில்லை!

அப்படியானால் எழுத்துகளுக்கு வேலையில்லையா? உண்டு. 2002-ல் இக்கிருமியின் 14 குரோமோசோம்களையும் படித்து முடித்தார்கள். நூறு எழுத்துகளில் சுமார் எண்பது ஏ அல்லது டி. ஜீனுக்கு முன்னுள்ள எழுத்து வரிசையைச் சில புரதங்கள் அடையாளம் கண்டுகொண்ட பிறகே படியெடுத்தல் தொடங்குகிறது. எழுத்து இடத்தைக் காட்டும். குரோமாட்டின் வழி விட வேண்டும்.

2013-ல் ஒரு சோதனை வெளிவந்தது. குறி ஒட்டும் நொதி ஒன்றை நீக்கியதும், பூட்டியிருந்த வார் ஜீன்கள் ஏறக்குறைய எல்லாமே ஒன்றாகத் திறந்துகொண்டன. அறுபது சட்டைகளையும் ஒன்றாக அணிந்த கிருமியை நம் உடலுக்குக் காட்டித் தடுப்பூசி செய்ய முடியுமா என்பது இதிலிருந்து பிறந்த யோசனை.