பேக்கப் இருக்கிறது, ரீஸ்டோர் ஆகுமா?

"பேக்கப் எப்படி எடுப்பீர்கள்?" என்று இன்டர்வியூவில் கேட்டால் எல்லோரும் மடமடவென்று ஒப்பித்துவிடுகிறார்கள். "கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள்?" என்றதும் குரல் இறங்கிவிடும். அங்கேதான் நீங்கள் முந்த வேண்டும்.

1. கோட் ஹோஸ்டிங் நிறுவனமான கிட்லேப்பின் கதையைக் கரைத்துக் குடியுங்கள். 2017 ஜனவரி 31. செகண்டரி டேட்டாபேஸை மறுபடி பிரைமரியோடு சேர்க்க ஓர் இன்ஜினியர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிரைமரியிலிருந்து டேட்டாவை நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப் கமாண்ட் எதுவும் சொல்லாமல் அப்படியே நின்றது. பழைய டேட்டா கிடப்பதுதான் தடை என்று நினைத்து அந்த டைரக்டரியை அழித்தார். அழித்தது பிரைமரி சர்வரில்! உடனே நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் எஸ்3 பக்கெட் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, டம்ப் எடுக்கும் டூலோ 9.2. ஒவ்வொரு முறையும் ஃபெயில். அதைச் சொல்ல வேண்டிய அலர்ட் மெயில்களும் ரிஜெக்ட். ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்துவைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காப்பாற்றியது.

2. மாதம் ஒருமுறை ரீஸ்டோர் டிரில் நடத்துங்கள். புது மெஷினில் ஏற்றுங்கள். கடைசி ரெக்கார்டின் தேதியைப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது, எவ்வளவு டேட்டா போனது என்று குறித்துவையுங்கள். ரெஸ்யூமில் 'பேக்கப் நிர்வாகம்' என்ற வரியை எடுத்துவிட்டு அந்த எண்களைப் போடுங்கள்.

3. டிரில்லில் சிக்கிய இடத்தை டாக்குமென்டேஷனாக மாற்றுங்கள். கிட்லேப்பில் அன்று அந்த பேஸ்பேக்கப் கமாண்ட் பழுதாகவில்லை. பிரைமரி டேட்டா அனுப்பட்டும் என்று காத்திருந்தது, அவ்வளவுதான். இது தங்கள் ரன்புக்கிலும் தெளிவாக இல்லை, போஸ்ட்கிரஸின் அதிகாரபூர்வ டாக்குமென்டிலும் இல்லை என்று கிட்லேபே தன் போஸ்ட்மார்ட்டத்தில் எழுதியது. உங்களுக்கான வேலை இந்த மாதிரி இடைவெளிகளில்தான் கிடக்கிறது. போட்டியும் குறைவு: கிட்ஹப்பின் 2017 ஓப்பன் சோர்ஸ் சர்வேயில் 93 சதவீதம் பேர் அரைகுறையான, பழைய டாக்குமென்டேஷனைப் பிரச்சினை என்றார்கள். ஆனால் பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் அந்தப் பக்கம் அபூர்வமாகத்தான் போவோம், அல்லது போவதே இல்லை என்றார்கள்.

நீங்கள் சிக்கிய டூல் ஓப்பன் சோர்ஸ் என்றால், அதன் டாக்குமென்டேஷனுக்கே திருத்தம் அனுப்புங்கள். முதலில் அந்த புராஜெக்டின் காண்ட்ரிபியூட்டிங் ஃபைலைப் படியுங்கள். ஒரு பிரச்சினைக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட். வெர்ஷன், கமாண்ட், திரையில் வந்தது என மூன்றையும் கொடுங்கள். மெயின்டெய்னர் திருத்தம் கேட்டால் மறுநாளே செய்துவிடுங்கள், வாதம் வேண்டாம். சும்மா ஒரு கமாவைத் திருத்திக் கணக்குக் காட்டவும் வேண்டாம். ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு டீஷர்ட் தந்த 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், அந்த டீஷர்ட்டுக்காக ரீட்மீ ஃபைல்களில் ஒப்புக்கு வார்த்தை சேர்த்தவர்கள் 'ஸ்பாம்' முத்திரைதான் வாங்கினார்கள்.

4. ஆபீஸ் சர்வர் பெயர், பாஸ்வேர்டு, கஸ்டமர் டேட்டா எதுவும் வெளியே போகக் கூடாது. புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் முன் மானேஜரிடம் மெயிலில் அனுமதி வாங்கிவிடுங்கள். அப்ரைசலுக்கு முன் அவர் கண்ணில் உங்கள் வேலை படவும் அந்த மெயிலே வழி. மெர்ஜ் ஆன புல் ரிக்வெஸ்டின் லிங்க்கை ரெஸ்யூமின் முதல் பாதியில் வையுங்கள். இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.