‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல’ என்பது போதாது

“வலியே இல்ல, எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?” சீயமங்கலம், தேசூர், செஞ்சிப் பக்கம் நாற்பது வயது அக்காக்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று பேச்செடுத்தால் இப்படித்தான் பதில் வரும். வலி வந்த பிறகு தெரிவது பெரும்பாலும் முற்றிய நோய். இந்த நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் கருப்பைவாயில் நிலைத்துவிட்டால், அங்குள்ள திசு புற்றாக மாறப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அவ்வளவு காலமும் வலி இருக்காது. எளிதாகக் குணப்படுத்தக்கூடிய காலமும் அதுதான். அந்த ஆரம்ப மாற்றம் வயிற்று ஸ்கேனில் தெரியாது.

‘கிராமத்துல இதுக்கெல்லாம் வசதி ஏது?’ என்ற நம்பிக்கைதான் என்னை அதிகம் வருத்துகிறது. அதைப் பொய்யென்று காட்டியதே தமிழ்நாட்டுக் கிராமங்கள். 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. பயிற்சி பெற்ற நர்ஸ், நல்ல விளக்கு, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தின் 4 சதவீதக் கரைசல். தேவைப்பட்டது அவ்வளவுதான். கரைசலைக் கருப்பைவாயில் தடவி நர்ஸ் ஒரு நிமிடம் காத்திருப்பார். கெடத் தொடங்கிய திசு வெள்ளைத் திட்டாகத் தெரியும். அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் நர்ஸ்களே செய்தார்கள். 30 முதல் 59 வயதுவரையான 31,343 பெண்கள் பரிசோதித்துக்கொண்டார்கள். 2007-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிட நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைவு.

இந்த வைரஸைத் தடுக்க ஊசியும் உண்டு. ‘ஊசி போட்டா பிள்ளை பிறக்காது’ என்பதற்கு ஆதாரமே இல்லை. ஆனால் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2009-10-ல் ஆந்திரம், குஜராத்தில் நடந்த எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தின்போது சில சிறுமிகள் இறந்தார்கள். அதற்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. பெற்றோரிடம் சம்மதம் வாங்கியதில் குறைகள் இருந்ததும் உண்மை. அந்தப் பதற்றத்தில் அம்பிளிக்கை உட்படப் பல இடங்களில் நடந்துவந்த வேறோர் தடுப்பூசி ஆய்விலும் ஊசி நிறுத்தப்பட்டது. பல சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். பத்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், எச்.பி.வி.யின் 16, 18 வகைகள் நிலைத்துத் தங்குவதை அந்த ஒற்றை ஊசியே சுமார் 95 சதவீதம் தடுத்தது தெரிந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றை டோஸையும் ஏற்றது.

‘நடத்தை கெட்டவளுக்கு வர்ற நோய்’ என்பது கொடிய பொய். தாம்பத்திய உறவுள்ள பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகும் வைரஸ் இது. ஒரே கணவனோடு வாழ்ந்தவருக்கும் வரலாம்.

முப்பது வயது தாண்டிய அக்கா, அம்மா எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனையைக் கேளுங்கள். ஊசி போட்டவருக்கும் இது தேவை. மாதவிலக்கு நின்றபின் ரத்தம், உறவுக்குப்பின் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டு ஆண்கள் கூடப் போங்கள்.