கடன்பற்று அட்டையும் நொடிப்பும்: வணிகர் அறிய வேண்டியவை

வணிகருக்குக் கடன் புதிதன்று. சரக்கைக் கடனாக எடுத்து, விற்று, தவணையில் செலுத்துவது நம் முன்னோர் காலத்து வழக்கமே. ஆயின் அன்று கடன் கொடுத்தவர் நம் முகம் அறிந்தவர். வியாபாரம் மந்தமானால் நேரில் சென்று தவணை கேட்கலாம். இன்று அவ்விடத்தில் கடன்பற்று அட்டை வந்து அமர்ந்துவிட்டது. கடன் மீறிப்போனபின், "நொடிப்பு மனுப் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும்" என்று கருதுவோர் நம்மிடையே உளர். சிங்கப்பூர்ச் சட்டம் என்ன கூறுகிறது என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கடைக்காரர் ஒருவருக்கு மூன்று அட்டைகளில் 48,000 வெள்ளி பாக்கி என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காடு எனின், வட்டி மட்டும் 12,480 வெள்ளி. மாதம் 1,040 வெள்ளி கட்டினாலும் முதல் குறையாது.

2020 ஜூலை 30 முதல் நடைமுறையில் உள்ள நொடிப்புச் சட்டப்படி, கடன் 15,000 வெள்ளியை எட்டினால் கடன் கொடுத்தவர் நீதிமன்றம் செல்லலாம். கடனாளி தாமாகவும் மனுச் செய்யலாம். தனியுரிமைக் கடையாயின், கடையின் கடனும் உரிமையாளரின் சொந்தக் கடனே.

தீர்ப்பு ஆனதும் அட்டைகளை வங்கிகள் நிறுத்திவிடும். பாக்கி இல்லாத அட்டையும் தப்பாது. அவர் கணக்கில் மனைவி மக்கள் வைத்திருக்கும் துணை அட்டைகளும் செல்லா. பழைய பாக்கிக்குத் தீர்ப்பு நாள் வரையிலான வட்டியைச் சேர்த்து வங்கிகள் கணக்குக் கொடுக்கும். அதன்பின் நீதிமன்ற அனுமதியின்றி அவர்மீது வழக்குத் தொடர முடியாது. இதுவே கடனாளிக்குக் கிடைக்கும் நிழல். ஆனால் ஜாமீன் கையெழுத்திட்டவருக்கு அந்நிழல் இல்லை. அவரை வங்கி நாடும்.

நொடித்தவர் தம் நிலையைக் கூறாமல் 1,000 வெள்ளியோ அதற்கு மேலோ கடன் பெறுவது குற்றம். அனுமதியின்றித் தொழில் நடத்தவும் கூடாது. ஊருக்குப் போவதாயினும் உம்ராவுக்குப் போவதாயினும் முன்கூட்டியே அனுமதி பெற்றாக வேண்டும். மத்திய சேமநிதிப் பணம் பாதுகாக்கப்பட்டிருப்பது ஓர் ஆறுதல்.

இரண்டு தவறுகளை நம்மவர் செய்யக்கூடும். ஒன்று, "எப்படியும் மூழ்கப் போகிறோம்" என்று கடைசி நேரத்தில் அட்டையைத் தேய்ப்பது. திருப்பிக் கட்ட வழியில்லை என்று தெரிந்தும் கடன் வாங்குவது குற்றமாகலாம். மற்றொன்று, மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றை மட்டும் முதலில் தீர்த்துவிடுவது. உறவின் மானம் காக்கும் நல்லெண்ணமாயினும், பிற கடன்காரரைப் பின்தள்ளி ஒருவருக்குக் கொடுத்ததைச் சட்டம் திரும்பக் கேட்கக்கூடும். மைத்துனருக்கும் அதனால் சங்கடமே.

நொடிப்பைத் தவிர்க்கக் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம் ஒன்றுண்டு. 150,000 வெள்ளிக்கு மேற்படாத கடனை, 5 ஆண்டுக்குள் தவணையில் கட்டலாம். ஆனால் அது நிலையான சம்பளக்காரருக்கே. தனியுரிமைக் கடைக்காரரும் கூட்டுத்தொழில் பங்காளியும் அதில் சேர இயலாது. இதைப் பலர் காலம் கடந்தே அறிகின்றனர்.

ஆகவே வணிகர் வட்டி மட்டும் கட்டத் தொடங்கிய மாதத்திலேயே விழித்துக்கொள்ள வேண்டும். அட்டையை நிறுத்தி, பற்று வரவை எழுதி, வங்கியிடம் தவணை கேட்க வேண்டும். கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் போன்ற அமைப்பிடமும் ஆலோசனை பெறலாம். வீட்டாரிடம் மறைக்கலாகாது. நொடிப்பு பாவமன்று, கணக்கை மறைத்து மேலும் கடன் வாங்குவதே இழுக்கு. கடனைச் சொல்லக் கூசியவரைவிட, முன்னதாகச் சொன்னவரின் கடையே பெரும்பாலும் நிலைக்கிறது.