கண் ஓடுது, காது உட்கார்ந்திருக்கு!

வி.ஆர். ஹெட்செட் மாட்டப் போகிறவர் முதலில் கேட்பது, "தலை சுத்துமாமே?" என்பதுதான். சிலருக்குச் சுத்தும். ஏன் என்று நம்ம டிப்ளமோ கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

திரை 90 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 1000-ஐ 90-ஆல் வகுத்தால் வருகிற 11.1 மில்லி செகண்ட். தலையைத் திருப்பியதை சென்சார் அளந்து, பிராசஸர் வரைந்து, ஒளி கண்ணுக்கு வந்து சேர மொத்தமே சுமார் 20 மில்லி செகண்டுதான் அவகாசம். தாமதமானால் உலகமே ஜெல்லி மாதிரி ஆடும். 1968-இல் ஐவன் சதர்லண்ட் செய்த தலைக்கருவிக்கு, தலையின் அசைவை அளக்கக் கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கை தொங்கியது. 2020-இல் வந்த குவெஸ்ட் 2-இல் அந்த வேலையை நாலு குட்டிக் காமிராக்கள் பார்க்கின்றன!

நான் முதலில் ஆடியது பீட் சேபர். நின்ற இடத்திலேயே வாள் வீசும் ஆட்டம். இருபது நிமிஷமும் வியர்வைதான், மயக்கம் இல்லை. அடுத்து ரோலர் கோஸ்டர். மூன்றாவது வளைவில் குமட்டிக்கொண்டு வந்தது. அதே ஹெட்செட், அதே திரை! கண் "பறக்கிறோம்" என்கிறது, உட்செவி "ஸ்டூல்லதானே உட்கார்ந்திருக்கோம்" என்கிறது. மூளை யாரை நம்பும்? (பஸ்ஸில் புத்தகம் படித்தால் வாந்தி வருவது இதன் தலைகீழ்.)

குவெஸ்ட் 2-இன் லென்ஸ் இடைவெளி 58, 63, 68 மி.மீ. என மூன்று நிலைகளில் நிற்கும். கண்மணிகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்து, அதற்குப் பக்கத்தில் உள்ளதை வையுங்கள். குமட்டல் தொடங்கினால் உடனே கழற்றுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவதை நான் வீரம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கழற்றிய கையோடு பைக் சாவியை மட்டும் தொடாதீங்க. தள்ளாட்டம் கொஞ்ச நேரம் கூடவே வரும். அன்று நான் டீ குடித்துவிட்டு பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனேன்.