அறிதுயிலும் சூக்கும உடற்செலவும்

உயிர் பருவுடம்பின் வேறாயது என்பதும், அது சூக்கும உடம்போடு கூடி ஓருடம்பை விட்டு மற்றோருடம்பிற் செல்லும் என்பதும் சித்தாந்த நூல் கற்பார்க்குத் தொடக்கத்தே உணர்த்தப்படும் பொருள்கள். மெய்கண்ட தேவர் சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரத்து உதாரண வெண்பா ஒன்றில், பாம்பு தோலுரித்தலையும், கனவையும், பரகாயம் போய்வருதலையும் இதற்கு உவமையாக எடுத்தோதினார். இவற்றைக் கற்ற இளைஞர் சிலர் மேனாட்டு நூல்களிற் கூறப்படும் சூக்கும உடற்செலவையும் இதனோடு ஒப்பவைத்து, அந்நூல்கள் விதித்தவாறு பன்னாட் பயின்றும் அதற்கு முற்படியாகிய அறிதுயில் தமக்கு வாய்த்திலது என வருந்தி வினாவுகின்றனர். வாயாமைக்குக் காரணம் முறை பிழைத்தமையோ, பக்குவமின்மையோ, அன்றி உயிர் உடம்பின் வேறன்மையோ? இம்மூன்று ஐயங்களையும் ஈண்டு ஆராய்வாம்.

மேனாட்டார் கூறும் முறை

சூக்கும உடற்செலவு என யாம் ஈண்டு வழங்குவதனை ஆங்கிலர் ‘ஆஸ்ட்ரல் புரொஜெக்ஷன்’ என்பர். 1875-ல் நியூயார்க்கில் தோன்றிய பிரமஞான சபையார் இத்தகைய சொல் வழக்கைப் பெரிதும் பரப்பினர். சில்வன் மல்டூன் என்பவர் கேரிங்டன் என்பவரோடு கூடி 1929-ல் வெளியிட்ட நூலும், அமெரிக்கராகிய இராபர்ட் மன்றோ 1971-ல் வெளியிட்ட நூலும் இத்துறையிற் பலராலும் பயிலப்படுவன. முறைகள் பலவாயினும் அவை புகும் வாயில் ஒன்றே. உடம்பு உறங்கவேண்டும், அறிவு உறங்காது நிற்றல் வேண்டும். இதனையே அறிதுயில் என்றாம்.

பயில்வோன் மல்லாந்து கிடந்து, அடிமுதல் முடியீறாக உறுப்புக்களைத் தளர்த்தி, மூச்சினை நோக்கியிருப்பன். அப்பொழுது நேரும் இடர் மூவகைத்து. உடம்பு உறங்காமையின் தினவும், வாயூறலும், நெஞ்சத்துடிப்பும் மிகுந்து தோன்றுதல் ஒன்று. அறிவும் உடனுறங்கிப் பொழுது புலர்ந்தபின் விழித்தல் மற்றொன்று. நிலை வரத்தொடங்கியவுடன் மகிழ்ச்சியாலேனும் அச்சத்தாலேனும் துணுக்குற்று எழுந்துவிடுதல் மூன்றாவது. பயில்வோர் பலரும் இம்மூன்றனுள்ளேயே திங்கள் பலவுஞ் சுழல்கின்றனர்.

இந்நிலையே சிலர்க்கு வேண்டாமலே வந்து விடுகின்றது. 1953-ல் சிகாகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறக்கத்தினுள் விழிகள் விரைந்தசையும் ஒரு பகுதி உண்டெனக் கண்டு வெளியிட்டனர். தெளிந்த கனவுகள் மிகுவது அப்பகுதியிலேயே. அக்காலத்துக் கைகால்களின் தசைகள் செயலற்றுத் தளர்ந்து கிடக்கும் என்பதும் பின்னர்த் தெளியப்பட்டது. அத்தளர்ச்சி நீங்குமுன் அறிவு விழித்துக்கொள்ளுமாயின், ஒருவன் விழித்தும் அசையமாட்டானாய், மார்பின்மேல் ஏதோ அமர்ந்தாற்போல அஞ்சுவன். நாட்டுப்புறத்தார் இதனை ‘அமுக்குவான் பேய்’ என்பர். வேண்டி வருந்துவார்க்கு வாராத அது, வேண்டாது அஞ்சுவார்க்குத் தானே வருகின்றது. ஆகலின் முயற்சியின் குறைவு அதன் வாராமைக்குக் காரணமாகாது என்பது பெறப்படும்.

அவத்தையியலால் ஆராய்தல்

இதன் உண்மை அவத்தை இலக்கணத்தால் இனிது விளங்கும். சாக்கிரத்திற் புருவநடுவில் உயிரோடு நின்று தொழிற்படுங் கருவிகள் முப்பத்தைந்து. அவை ஞானேந்திரியம் ஐந்து, கன்மேந்திரியம் ஐந்து, சத்தாதி ஐந்து, வசனாதி ஐந்து, வாயு பத்து, அந்தக்கரணம் நான்கு, புருடன் ஒன்று என்பன. இவற்றுள் ஞானேந்திரிய கன்மேந்திரியங்கள் பத்தும் ஆண்டே நின்றொழிய, ஏனைய இருபத்தைந்தும் கண்டத்திற் சொப்பனத்தின்கண் நிகழும். சுழுத்தியில் இதயத்தின்கண் நிற்பன பிராணன், சித்தம், புருடன் என மூன்று. துரியத்தில் நாபியின்கண் நிற்பன பிராணனும் புருடனும் ஆகிய இரண்டு. துரியாதீதத்தில் மூலாதாரத்தின்கண் நிற்பது புருடன் ஒன்றே.

அருணந்தி சிவாசாரியார் இவ்வொடுக்கத்திற்குக் கூறிய உவமை நினையற்பாலது. பரிவாரத்தோடு உலாப்போந்த அரசன் மீண்டு அரண்மனை புகுங்கால், வாயில்தோறும் உடன்வந்தாரை நிறுத்திக் காவலும் வைத்து, முடிவில் தனியனாய் அந்தப்புரம் புகுவன். உயிரும் அவ்வாறே கருவிகளை இடந்தோறும் விட்டுச் செல்லும். பிராணன் உடற்காவலாய் நிற்கும்.

இனி, அறிதுயில் பயில்வோன் செய்வது யாதெனின், ‘கை மரத்ததோ, கால் மரத்ததோ, ஓசை அடங்கிற்றோ’ எனக் கணந்தோறும் ஆராய்தலேயாம். கை மரத்ததை எக்கருவியால் அறிவன்? மெய் என்னும் பொறியாலன்றோ? ஓசை அடங்கியதை எதனால் அறிவன்? செவியாலன்றோ? ஒடுங்கவேண்டிய பொறி ஒடுங்கிற்றா என்று காண்டற்கு அப்பொறியையே அவன் ஏவுகின்றான். வாயிலில் நிற்பாயாக என்று விடுத்த காவலனை, ‘நின்றனையோ?’ என வினாவி உள்ளே அழைத்தல் போல்வது அது. அவன் எத்துணை ஊக்கத்தோடு நோக்குகின்றானோ அத்துணையும் சாக்கிரம் வலியுறுகின்றது. நோக்குதலைச் சோர்ந்து கைவிடின் சுழுத்தியில் வீழ்கின்றான். முறை பிழைத்ததோ என்னும் முதல் ஐயத்திற்கு விடை இதுவே. கிடக்கையும் மூச்சும் பிழைத்தில. ஒடுக்கத்தைத் தன் வினையாகக் கொண்ட அகங்காரமே பிழைத்தது.

பிரான்சு நாட்டு நான்சி நகரத்தில் வாழ்ந்த எமில் கூவே என்பாரும் (1857–1926) இதனோடொத்த கருத்தினைக் கூறினர். உறங்கவேண்டும் என்று வலிந்து முயல்வான் உறக்கம் இழப்பன் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. நம்மனோர் இதனைக் கறவையிடத்தே காணலாம். அச்சமின்றி நிற்குங்கால் அது தானே பால் சுரக்கும். பொறாது மடியை வலிந்திழுப்பார்க்குப் பாலை அடக்கிக்கொள்ளும்.

‘அங்ஙனமாயின் முயற்சியே வேண்டாவோ? இயம நியமங்களும் வீணோ?’ எனின், அன்று. உழுதலும் எருவிடுதலும் நீர்பாய்ச்சலும் உழவன் தொழில். முளைத்தல் அவன் தொழிலன்று. முளைத்ததா என்று நாடோறும் விதையைத் தோண்டிப் பார்ப்பான் விளைவு காணான். முயற்சிக்குரிய எல்லை உண்டு. அவ்வெல்லை கடந்தவிடத்து உயிர் உணர்த்த உணர்வதேயாம். நாடோறும் நம்மை உறக்கத்திற் செலுத்தி மீள எழுப்புவது நம் ஆணையன்று. கன்மத்திற்கு ஈடாகக் கருவிகளைக் கூட்டியும் பிரித்தும் நிற்பது திரோதான சத்தி என்பது சித்தாந்தம்.

பதஞ்சலியார் கருத்து

யோகநூல் செய்த பதஞ்சலியார், சித்தத்தைச் சிதறச்செய்யும் இடையூறுகள் ஒன்பது என எண்ணினர். நோய், மடிமை, ஐயம் முதலியவற்றோடு ‘அலப்த பூமிகத்துவம்’ என்பதும் அவற்றுள் ஒன்று. பயின்றும் உரிய நிலையைப் பெறாமை என்பது அதன் பொருள். பெற்ற நிலையில் நில்லாமை அதனையடுத்து வைக்கப்பட்டது. இளைஞர் தமக்கே உரியதெனக் கருதி வருந்தும் இடர் பண்டே பெயரிட்டு எண்ணப்பட்டது என்பது இதனால் அறியப்படும். இடையூறு என்றமையால் அது நீங்குதற்குரியது, தகுதியின்மைக்கு முத்திரையன்று.

பரகாயப் பிரவேசத்தையும் அவர் விபூதி பாதத்திற் கூறினர். அதற்கு அவர் காட்டிய காரணம் கட்டின் காரணம் தளர்தலும், சித்தம் இயங்கும் நெறியை அறிதலுமாம். கட்டின் காரணம் கன்மம். அது தளராதவழி உறுப்புக்களைத் தளர்த்தலால் மட்டும் அது வாராதென்பது போதரும். அன்றியும், மனம் உடம்பினுள்ளே நின்று கொண்டு தன் எண்ணத்தைப் புறத்தே செலுத்துதல் ‘கற்பிதை’ எனவும், உடம்பை நோக்காது புறத்தே நிகழ்தல் ‘அகற்பிதை’ எனவும் வியாச பாடியம் பிரித்துரைக்கும். அறிதுயிலிற் கண்ட காட்சி இவ்விரண்டனுள் எதுவென்று ஆராயாது, கண்டமாத்திரையே உடம்பின் வெளிப்போந்தேன் என்று துணிதல் பிராந்தி தரிசனமாய் முடியும். அதுவும் முன்னர்க் கூறிய ஒன்பதனுள் ஒன்றே.

உயிருண்மைக்கு இது சான்றாமோ?

மூன்றாம் ஐயம் சித்தாந்திகளாற் கூர்ந்து நோக்கற்பாலது. உலகாயதரை மறுத்தற்கு இக்காட்சி நல்ல கருவியாகும் என நம்மவருள்ளும் சிலர் கருதுவர். 2002-ல் ஓலாப் பிளாங்கே முதலிய மருத்துவர் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவாவில், வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணியின் மூளையில் வலப்புறத்து ஓரிடத்தை மின்விசையால் தூண்டியபொழுது, அவர் தாம் மேலே நின்று படுக்கையிற் கிடக்கும் தம்முடலைக் காண்பதாகக் கூறினர் என எழுதி வெளியிட்டனர். இக்காட்சியையே உயிருண்மைக்குத் தூணாக நாட்டியவர், இச்செய்தி கேட்டவழித் தூணொடு மாடமும் விழக் காண்பர்.

நமக்கு அவ்விழுக்கு இல்லை. கருவி வேறுபட அறிவு வேறுபடுமென்பது நம் நூல்கள் முன்னரே உடம்பட்டதொன்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. மூளை மாயாகாரியமாகிய பருவுடம்பின் உறுப்பு. அதனைத் தொட்டவழிக் காட்சி திரிதல் கண்ணாடியின் நிறம் மாறக் கண்ட பொருளின் நிறம் மாறித் தோன்றுதலை ஒக்கும். அதனாற் காண்பான் இலன் என்பது பெறப்படாது. அவ்வாறே வெளிப்போந்தாற்போலத் தோன்றுதலால் காண்பான் உளன் என்பதும் நிறுவப்படாது. மெய்கண்ட தேவர் மூன்றாஞ் சூத்திரத்தில் உயிருண்மை நாட்டுங்கால் இத்தகைய அரிய காட்சிகளை நாடிற்றிலர். ‘இது என் உடம்பு’ எனப் பிரித்துக் கூறும் வழக்கு, உறக்கத்தில் உயிர்ப்பு இயங்கவும் உண்டலும் வினைசெய்தலும் இலவாதல், அறிவிக்க அறிதல் என்றின்னோரன்ன, எவர்க்கும் எஞ்ஞான்றும் உள்ள அனுபவங்களையே ஏதுவாக்கினர். ஆகலின் அறிதுயில் வாயாமையால் உயிருண்மைக்கு ஓர் ஊறுமில்லை.

திருமூலர் காட்டிய நெறி

இனி, பக்குவம் பற்றிய ஐயம் எஞ்சிநின்றது. பரகாயம் புகுந்தாருள் நம் மரபில் தலைசிறந்தவர் திருமூல நாயனார். கயிலையினின்றும் போந்த சிவயோகியார் திருவாவடுதுறையை அடுத்த சாத்தனூரில், ஆயனாகிய மூலன் இறந்துகிடப்ப அவனுடலைச் சூழ்ந்து பசுக்கள் கதறுதல் கண்டனர். அவற்றின் துயர் தீர்த்தற்பொருட்டே தம்முடலை ஓரிடத்துச் சேமித்து அவ்வுடல் புகுந்தனர். மாலையில் பசுக்களை மனைசேர்த்து மீண்டு வந்து நோக்க, வைத்த உடலைக் கண்டிலர். அது திருவருளென உணர்ந்து, அவ்வாயனுடலிலேயே தங்கித் தமிழாகமம் அருளினர் என்பது பெரிய புராண வரலாறு.

இவ்வரலாற்றில் நோக்கத்தக்கன இரண்டு. அவர் புகுந்தது தாம் வெளிப்போதலைக் கண்டு மகிழ்தற்கன்று. பசுக்களின் கண்ணீர் துடைத்தற்கு. தம்முடல் கரந்தவழியும் அவர் கலங்கவில்லை. ஓருடல் நீங்க வேறோருடலில் நின்று திருவருளின் வழி ஒழுக வல்லார்க்கே அச்செலவு உரியதாயிற்று. ஆகவே பக்குவத்தின் அடையாளம் வெளிப்போதல் அன்று. வைத்த உடலைக் காணாதவிடத்தும் கலங்காமையே. அறிதுயில் வாய்த்தார் அதனாற் பக்குவர் ஆகார். வாயாதார் அதனால் அபக்குவரும் ஆகார்.

செய்யற்பாலன

வினாவிய இளைஞர்க்கு யாம் கூறுவன சில. உறக்கம் குறைத்தும் உணவு ஒறுத்தும் இந்நிலையைத் தேடற்க. வலிப்பு, மனக்கலக்கம் முதலிய நோயுடையார் இப்பயிற்சியை அறவே விடுக. மருத்துவர் சொல்லைப் போற்றுக. விழித்தபின் உடல் அசையாதாயின், சிறிது பொழுதில் அது தானே நீங்குமென்று அறிந்து அஞ்சாதிருக்க. உறுப்பு ஒடுங்கிற்றா என ஆராய்தலை விட்டு, வைகறையில் எழுந்து நீராடி, மனத்தைத் திருவைந்தெழுத்தின்கண் வைத்து, எண்ணிக்கையிலும் பயனிலும் நாட்டமின்றி இருக்க. கருவிகள் ஒடுங்குங்கால் ஒடுங்குக. ஒடுங்காக்கால் ஓதிய ஐந்தெழுத்து வீணாவதன்று.

கேவல சகலங்களில் நிகழும் ஒடுக்கம் எத்துணை நுண்ணியதாயினும் மலவிருளின் எல்லையைக் கடவாது. நின்மலாவத்தையிற் கருவிகள் நீங்குவது அருளாலாம். ஆண்டு உயிர் செல்வது பிறிதோரிடத்திற்கன்று, திருவடிக்கே. அச்செலவிற்கு ஆயத்தமாவார்க்கு இச்செலவு வாயாமை இழப்பாகாதென்பதை அன்பர்கள் ஆராய்ந்து தெளிவாராக.

திருச்சிற்றம்பலம்.